ஏரியில் எத்தனை அடி தண்ணீர்?

நிரம்பினாலும் பயம்! வற்றினாலும் பயம்!!
சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகளின் கதை

கடற்கரை–தாம்பரம் மின்சார ரெயில். நவம்பர் மாத மாலை 6 மணி. வெளியே தூறல். உள்ளே நிற்கக்கூட இடம் இல்லை.

ஜன்னல் ஓரத்தில் ஒருவர் மாலைப் பத்திரிகையை நான்காக மடித்து, அதில் ஒரு சின்னக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். அது தங்கம் விலை அல்ல. சினிமா விளம்பரமும் அல்ல. ஏரிகளின் நீர்மட்டம்!

எதிரே நின்றவர் எட்டிப் பார்த்தார்.

"சார், செம்பரம்பாக்கம் எவ்ளோ போட்டிருக்கு?"

"22 அடி."

"அப்பாடா! வர்ற கோடைக்குக் குடத்தைத் தூக்கிக்கிட்டு லாரி பின்னாடி ஓட வேணாம்."

இவர் மேற்கு மாம்பலம்வாசி. ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ஆனால் பக்கத்தில் நின்ற மற்றொருவருக்கு முகம் வாடிவிட்டது. அவருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் பெட்டிக்கடை.

"உங்களுக்கு என்ன சார், சொல்லுவீங்க. எங்க வீடு ஆத்தங்கரை. 22 அடின்னு கேட்டாலே ராத்திரி எங்க வீட்டுல யாரும் கண்ணை மூட மாட்டாங்க."

ஒரே ஏரி. ஒரே எண். ஒருவருக்கு நிம்மதி. மற்றவருக்குக் கிலி!

தினமும் பத்திரிகையில் வரும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் இருப்பது என்ன? அதை எப்படிப் படிக்க வேண்டும்?

6 ஏரிகள்

சென்னை நகருக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் ஏரிகள் 6. அவை கொள்ளும் தண்ணீரின் அளவு (மில்லியன் கன அடியில்) வருமாறு:

பூண்டி – 3,231
சோழவரம் – 1,081
புழல் – 3,300
செம்பரம்பாக்கம் – 3,645
கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை – 500
வீராணம் – 1,465

ஆறும் நிரம்பினால் மொத்தம் 13,222 மில்லியன் கன அடி. அதாவது 13 டி.எம்.சி.க்குச் சற்று அதிகம்.

ஒரு மில்லியன் கன அடி என்றால் 2 கோடியே 83 லட்சம் லிட்டர். 9 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி இருக்கிறதே, அதில் ஏற்றினால் 3 ஆயிரத்து 100 லாரிகளுக்கு மேல் வரும்!

நகருக்கு ஒரு நாளைக்கு 100 கோடி லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரியில் இருந்து தினமும் 35 மில்லியன் கன அடி எடுக்க வேண்டும். அப்படியானால் ஒரு டி.எம்.சி. தண்ணீர் ஏறக்குறைய ஒரு மாதத்துக்குக் காணும்.

13 டி.எம்.சி. இருந்தால் 13 மாதம் கவலை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அது காகிதக் கணக்கு. வெயிலில் ஆவியாகிப் போவது உண்டு. அடியில் சேறோடு கிடப்பதை எடுக்க முடியாது. வீராணம் ஏரியோ கடலூர் மாவட்ட விவசாயிகளின் பாசன ஏரி. சோழர் காலத்தில் வெட்டியது. அவர்கள் வயலுக்குப் போக மிஞ்சுவதில்தான் நமக்குப் பங்கு.

ஏழுகிணறு முதல் புழல் வரை

இந்த ஏரிகள் நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கத் தொடங்கியது எப்போது?

அதற்கு முன்பு கிணறுதான். கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்களுக்காக 1772-ம் ஆண்டு ஏற்பட்டதுதான் ஏழுகிணறு. அந்தத் தெருப்பெயர் இன்றும் இருக்கிறது.

அதற்குச் சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 1872-ம் ஆண்டு, புழல் ஏரித் தண்ணீர் கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. பஸ் கண்டக்டர்கள் 'ரெட்ஹில்ஸ்' என்று கூவுகிறார்களே, அதே செங்குன்றம் ஏரிதான். வந்த தண்ணீரை மணலில் வடிகட்டிச் சுத்தம் செய்யும் ஏற்பாடு 1914-ம் ஆண்டுதான் வந்தது.

நகரம் வளர்ந்தது. புழல் போதவில்லை. 1939-ம் ஆண்டு சென்னை மேயர் ஆனார், தீரர் சத்தியமூர்த்தி. தண்ணீர்ப் பஞ்சத்தைக் கண்ட அவர், கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் அணை கட்டியே தீர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அப்போது உலகப் போர் நடந்துகொண்டு இருந்தது. இருந்தும் அனுமதி வாங்கினார். 1940-ம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது.

ஆனால் அணையில் தண்ணீர் நிற்பதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1943-ம் ஆண்டு அவர் காலமானார். அடுத்த ஆண்டு பூண்டி நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. 'சத்தியமூர்த்தி சாகர்' என்று அதற்குப் பெயர். குழாயைத் திருகும்போது எத்தனை பேருக்கு அவர் ஞாபகம் வருகிறதோ!

தண்ணீர் வரும் பாதை

இந்த ஏரிகள் தனித்தனி அல்ல. ஒன்றோடு ஒன்று கை கோத்து நிற்பவை.

காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்தால், அந்தத் தண்ணீர் அரக்கோணம் பக்கத்தில் உள்ள கேசவரம் அணைக்கட்டுக்கு வருகிறது. அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கை கூவம் ஆறு. மற்றொரு கை கொசஸ்தலை ஆறு.

கொசஸ்தலை ஆறு வருகிற வழியில் நகரி ஆறும் நந்தி ஆறும் வந்து சேருகின்றன. ஆந்திராவில் நகரி மலைப்பக்கம் மழை கொட்டினால் பூண்டி திடீர் என்று நிரம்புவது இதனால்தான்.

பூண்டியில் திறந்து விடும் தண்ணீர் தாமரைப்பாக்கம் அணைக்கட்டுக்கு வந்து, அங்கிருந்து சோழவரம் ஏரிக்குத் திரும்புகிறது. சோழவரத்தில் இருந்து புழலுக்கு. மற்றொரு கால்வாய் பூண்டியில் இருந்து நேரே செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது.

கிருஷ்ணா தண்ணீர் கதை தெரிந்ததே. 1983-ம் ஆண்டு ஒப்பந்தம். ஆண்டுக்கு 15 டி.எம்.சி. ஒதுக்கி, வழியில் ஆவியாவது போக 12 டி.எம்.சி. எல்லையில் கிடைக்க வேண்டும். ஸ்ரீசைலம், சோமசிலா, கண்டலேறு என்று பல ஊர் தாண்டி, கண்டலேறில் இருந்து மட்டும் 152 கி.மீ. கால்வாயில் ஓடி, ஊத்துக்கோட்டை அருகே 'ஜீரோ பாயிண்ட்' வந்து பூண்டியில் விழுகிறது. முதன்முதலாக வந்தது 1996-ம் ஆண்டு. 12 டி.எம்.சி.யும் முழுசாக வந்து சேருவது அபூர்வம்.

வீராணம் தண்ணீருக்கு நகரம் அதைவிட அதிக காலம் காத்திருந்தது. முதலில் போட்ட திட்டம் பாதியில் நின்று, ராட்சதக் குழாய்கள் பல ஆண்டுகள் சாலை ஓரத்தில் கிடந்தன. வீடு இல்லாதவர்கள் அதற்குள் குடித்தனம் நடத்தினார்கள்! புதிய வீராணம் திட்டத்தில் தண்ணீர் சென்னைக்கு வந்தது 2004-ம் ஆண்டுதான்.

பாதி அடி, பாதித் தண்ணீர் அல்ல!

இப்போது ரெயிலில் படித்த அந்தக் கட்டத்துக்கு வருவோம்.

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. 12 அடி தண்ணீர் இருந்தால் ஏரி பாதி நிரம்பி விட்டது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். தப்பு!

ஏரி என்பது டிரம் போல் நேராக நிற்பது அல்ல. சாப்பாட்டுத் தட்டு போல, அடியில் குறுகி மேலே அகன்று இருப்பது. ஆகவே அடி மட்டத்தில் ஒரு அடி உயர்ந்தால் கொஞ்சம் தண்ணீர்தான். மேல் மட்டத்தில் ஒரு அடி உயர்ந்தால் ஏராளம்.

ஏரி நிரம்பும்போது தண்ணீர் சுமார் 25 சதுர கி.மீ. பரப்பில் நிற்கிறது. அந்தக் கடைசி ஒரு அடியில் மட்டும் 270 மில்லியன் கன அடி தண்ணீர். நகரத்தின் ஒரு வாரக் குடிதண்ணீர்!

எனவே அடிக் கணக்கை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். அதற்குப் பக்கத்தில் இருக்கும் 'இருப்பு' எத்தனை மில்லியன் கன அடி என்று பாருங்கள்.

மழைக் காலத்தில் இன்னும் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று 'வரத்து'. மற்றது 'வெளியேற்றம்'. வரத்து ஏறிக்கொண்டே போய், வெளியேற்றம் சும்மா இருந்தால், ஆற்றங்கரையில் உள்ளவர்கள் அலமாரியில் கீழ்த்தட்டுச் சாமானை மேல்தட்டுக்கு மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மறக்க முடியாத இரவு

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி. சென்னைக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள்.

நவம்பர் மாத மழையிலேயே செம்பரம்பாக்கம் ஏறக்குறைய நிரம்பி இருந்தது. அதன் மேல் வந்தது பேய் மழை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ.!

ஏரியில் இருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி வரை தண்ணீர் திறந்து விடப்பட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 8 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். கண் மூடித் திறப்பதற்குள் 90 தண்ணீர் லாரி!

அதோடு போகவில்லை. திருநீர்மலைப் பக்கம் மற்ற ஏரிகளில் இருந்து வழிந்த தண்ணீரும் அடையாற்றில் வந்து சேர்ந்தது. சைதாப்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், கோட்டூர்புரம் என்று ஆற்றங்கரை முழுவதும் வீடுகளில் வெள்ளம் புகுந்தது. விமான நிலையம் மூடப்பட்டது. உயிர்கள் போயின.

"ராத்திரி எழுந்து காலைக் கீழ வெச்சேன். தண்ணி முழங்கால் வரைக்கும். குழந்தைங்களை மாடிக்குத் தூக்கிட்டு ஓடினோம். காலையில பார்த்தா கடையோட கூரை மட்டும் தெரியுது" என்றார், ரெயிலில் வந்த பெட்டிக்கடைக்காரர்.

தண்ணீரைத் திறந்த விதம் சரியில்லை என்று மத்திய கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கையும் பின்னர் குறை கூறியது.

ரெயிலில் வந்த தண்ணீர்

அடுத்த நான்கே ஆண்டுகள். 2019-ம் ஆண்டு ஜூன் மாதம். அதே செம்பரம்பாக்கம் ஏரியில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெள்ளத்தில் மூழ்கிய நகரம், தண்ணீர் கிடைக்காமல் தவித்தது!

ஓட்டல்களில் மதியச் சாப்பாடு குறைந்தது. ஆபீசுக்கு வராமல் வீட்டில் இருந்தே வேலை பாருங்கள் என்று சில கம்பெனிகள் கூறின. தெருவுக்குத் தெரு பிளாஸ்டிக் குடங்களின் வரிசை. சிக்கராயபுரம் கல்குவாரியில் தேங்கிய தண்ணீரைக்கூட எடுத்துச் சுத்தம் செய்து கொடுத்தார்கள்.

ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் ரெயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. வேடிக்கை பார்க்கப் பெரிய கூட்டம்.

ஆனால் 25 லட்சம் லிட்டர் என்பது எவ்வளவு தெரியுமா? 2015-ல் செம்பரம்பாக்கத்தில் இருந்து மூன்றே விநாடியில் ஓடிய தண்ணீர்!

ஷட்டரைத் திறப்பதா, வேண்டாமா?

ஏரிக் கரையில் நிற்கும் என்ஜினீயரின் சங்கடம் இதுதான்.

மழைக்கு முன்பே தண்ணீரைத் திறந்து இடம் வைத்தால் வெள்ளம் வராது. ஆனால் எதிர்பார்த்த மழை வராவிட்டால்? ஏரியில் காலியாக விடும் ஒவ்வொரு அடியும் நகரத்துக்கு ஒரு வாரத் தண்ணீர். "தண்ணீரைக் கடலில் விட்டு விட்டார்களே" என்று கோடையில் ஊரே திட்டும்.

சரி, திறக்காமல் பிடித்து வைத்தால்? இரண்டு அடி இடம் விட்டு வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 540 மில்லியன் கன அடி. விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் உள்ளே வந்தால், அந்த இடம் 5 மணி நேரத்தில் தீர்ந்து போகும்! அதற்குப் பிறகு வந்தது எல்லாம் ஆற்றில்தான். கரை உடைந்தால் அதைவிட ஆபத்து.

மாம்பலத்துக்காரருக்கு ஏரி நிரம்ப வேண்டும். ஈக்காட்டுத்தாங்கல்காரருக்கு ஏரியில் இடம் வேண்டும். இரண்டு பேர் கேட்பதும் நியாயம். ஒரே ஷட்டரை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் எப்படித் திருப்தி செய்வது?

சின்ன ஏரிகள் எங்கே?

இதற்குப் பதில் பெரிய ஏரியில் இல்லை. அதற்கு மேலே இருக்கும் சின்ன ஏரிகளில் இருக்கிறது.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு 'ஏரி மாவட்டம்' என்றே பெயர். ஊருக்கு ஒரு ஏரி. மேல் ஊர் ஏரி நிரம்பி, கலங்கல் வழிந்து, கீழ் ஊர் ஏரிக்குத் தண்ணீர் வரும். அதுவும் நிரம்பி அடுத்த ஊருக்குப் போகும். படிக்கட்டில் இறங்குவது போல.

கொட்டும் மழையை இந்தச் சின்ன ஏரிகள் ஆளுக்குக் கொஞ்சம் பிடித்து வைக்கும். பெரிய ஏரிக்கு ஒரே மூச்சில் வெள்ளம் வராது. பல நாள் கொஞ்சம் கொஞ்சமாக வரும். வெள்ள பயமும் குறையும். கோடையில் கிணற்றில் ஊற்றும் இருக்கும்.

சின்ன ஏரியில் வண்டல் சேர்ந்தால், வரத்துக் கால்வாயில் கட்டிடம் எழுந்தால், அந்தப் படிக்கட்டு உடைந்து விடுகிறது. பெய்த மழை முழுதும் ஒரே பாய்ச்சலில் கீழே வருகிறது. இரண்டு நாள் வெள்ளம். பிறகு வறட்சி.

முன்பு ஊர் மக்களே ஆண்டுதோறும் ஏரியில் மண் எடுத்துக் கரையைப் பலப்படுத்துவார்கள். 'குடிமராமத்து' என்று அதற்குப் பெயர். 2017-ம் ஆண்டு அரசு அதே பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. 2003-ம் ஆண்டு வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்கும் நிலையங்களும் 2010-ல் மீஞ்சூரிலும், 2013-லும் 2024-லும் நெம்மேலியிலும் வந்தன. எல்லாம் நல்லதே. ஆனால் வெள்ளத்தைப் பிடித்து வைக்கக் கடல் தண்ணீர் நிலையத்தால் ஆகாது. அதற்கு ஏரிதான் வேண்டும்.

லேக் வியூ ரோடு

மாம்பலம் நெருங்கியது. குமாஸ்தா இறங்கத் தயார் ஆனார்.

"எந்தத் தெரு சார்?" என்று கேட்டோம்.

"லேக் வியூ ரோடு."

"ஏரியைப் பார்த்த ரோடா? ஏரி எங்கே?"

அவர் சிரித்து விட்டார். "ஏரியா? எங்க தாத்தா பார்த்திருப்பாரு. நாங்க பெயர்ப் பலகையைத்தான் பார்க்கிறோம்."

உண்மை. நுங்கம்பாக்கத்தில் இருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்தது ஒரு பெரிய ஏரி. அதில் படகுப் போட்டிகூட நடந்தது உண்டு. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் உண்டானது. மிச்சம் இருந்த நுங்கம்பாக்கம் ஏரியின் இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. ஏரி போய்விட்டது. 'டேங்க் பண்டு ரோடு' என்ற பெயர் மட்டும் மிஞ்சியது.

அந்த ஏரியை இனி வெட்ட முடியாது. ஆனால் இருக்கிற ஏரிகளையாவது தெருப்பெயர் ஆகாமல் காப்பாற்றலாமே! மனை வாங்கப் போகிறவர்கள் புரோக்கரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இது முன்னே என்னவா இருந்துச்சு?" ஏரி என்றோ கால்வாய் என்றோ பதில் வந்தால் அட்வான்சைக் கொடுக்காமல் திரும்பி விடுங்கள். உங்கள் பணமும் மிஞ்சும். ஊர் ஏரியும் மிஞ்சும்.

மாம்பலத்தில் குமாஸ்தா இறங்கிப் போனார். ரெயில் சைதாப்பேட்டையைத் தாண்டி அடையாற்றுப் பாலத்தில் ஏறியது. பெட்டிக்கடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசல் பக்கம் வந்து, குனிந்து ஆற்றைப் பார்த்தார். இருட்டில் தண்ணீர் மெதுவாகப் போய்க்கொண்டு இருந்தது.

"இன்னிக்குப் பரவாயில்ல" என்றார்.

கிண்டியில் இறங்கும்போது, ஜன்னல் ஓரத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"சார், பேப்பரை நீங்க படிச்சாச்சுன்னா, அந்த ஏரிக் கட்டத்தை மட்டும் கிழிச்சுக் குடுக்கிறீங்களா? வீட்டுல காட்டணும்."